"12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" - ஹாம் ரேடியோ அறைகள் கற்றுத்தரும் ஒயர் பாடம்!

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? ஒரு நிமிடம் அதன் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயர்கள் விரல் தடிமனில் இருக்கும். இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் ஒயரோ அதில் பாதிகூட இருக்காது. பேட்டரி வெறும் 12 வோல்ட். வீட்டுக்குள் போவது 230 வோல்ட். ஆபத்தான மின்சாரத்துக்கு மெல்லிய ஒயர், கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காத மின்சாரத்துக்குத் தடித்த ஒயர். இது என்ன தலைகீழ் கணக்கு?

இந்தக் கேள்விக்கான பதில் நன்றாகத் தெரிந்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். தெரியாமல் இருந்தால் அவர்கள் மேஜைக்கு அடியில் புகை வந்துவிடும்!

யார் இந்த ஹாம்கள்?

செல்போன் டவர், இன்டர்நெட் எதுவும் இல்லாமல், சொந்த ரேடியோ, சொந்த ஆன்டெனா மூலம் உலகத்தோடு பேசுபவர்கள்தான் ஹாம்கள். இந்தியாவில் 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் வாங்கி ஹாம் ஆகலாம். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக் குறி வியு2ஆர்ஜி.

பொழுதுபோக்காகத் தொடங்கும் இந்த விஷயம், ஆபத்து நேரத்தில் உயிர்காக்கும் தொடர்பாக மாறிவிடும். 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதுதான் பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காக வைத்த ரேடியோ, தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் நடுவே தகவல் கொண்டுபோகும் நிலையமாகிவிட்டது.

அப்படிப்பட்ட இரவில் கரன்ட் இருக்காது. ரேடியோ பேட்டரியில்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் ரேடியோ பேசுமா, பேசாதா என்பதைத் தீர்மானிப்பவற்றில் ஒன்று, சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ஒயர்!

அண்டாவா, சொம்பா?

ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 100 வாட் டிரான்ஸ்சீவரை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அது சுமார் ஒரு ஆம்ப்தான் எடுக்கும். பட்டனை அழுத்திப் பேசத் தொடங்கினால் 20 முதல் 23 ஆம்ப் வரை இழுக்கும். 22 ஆம்ப் என்று வைத்துக்கொண்டால், அது 13.8 வோல்ட்டில் சுமார் 300 வாட்.

இதே 300 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால்? 1.3 ஆம்ப்தான்! இரண்டு பக்கமும் ஒரே அளவு சக்தி. ஆனால், ஒரு பக்கம் 1.3 ஆம்ப், இன்னொரு பக்கம் 22 ஆம்ப்.

கிணற்றிலிருந்து அடுப்படிக்குத் தண்ணீர் சுமப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாவில் கொண்டுபோனால் ஒரே நடையில் வேலை முடியும். சொம்பில் கொண்டுபோனால் பதினேழு நடை நடக்க வேண்டும். வோல்ட் என்பது பாத்திரத்தின் அளவு. ஆம்ப் என்பது நடைகளின் எண்ணிக்கை. பாதை தேய்வது பாத்திரத்தால் அல்ல, நடையால். ஒயர் சூடாவதும் அப்படித்தான். வோல்ட்டைப் பார்த்து ஒயர் சூடாவதில்லை, ஆம்ப்பைப் பார்த்துத்தான் சூடாகும்.

அதுவும் சாதாரணமாக அல்ல. ஆம்ப் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு!

230 வோல்ட்டில் ஆள் மேல் பாயும் ஆபத்து அதிகம். 12 வோல்ட்டில் ஷாக் பயம் இல்லை, தீ பயம் இருக்கிறது. "தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை" என்பதே பலரையும் ஏமாற்றிவிடுகிறது.

கடைக்காரர் கேட்கும் கேள்வி

எலெக்ட்ரிகல் கடையில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

"அண்ணே, 12 வோல்ட் ரேடியோவுக்கு மூணு மீட்டர் ஒயர் குடுங்க."

"எத்தனை ஆம்ப் இழுக்கும் தம்பி?"

"அது தெரியலையே... 12 வோல்ட்டுதான்ணே!"

"வோல்ட்ட வெச்சு ஒயர் தர முடியாது தம்பி. ஆம்ப் எவ்வளவு, தூரம் எவ்வளவு, அதச் சொல்லு."

இப்படிக் கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிடலாம். ஒயர் வாங்கக் கேட்க வேண்டிய இரண்டே கேள்விகள் அவைதான்.

முதல் கேள்வி: இத்தனை ஆம்ப்பை இந்த ஒயர் சூடாகாமல் தாங்குமா?

இரண்டாவது கேள்வி: இத்தனை தூரம் போவதற்குள் எவ்வளவு வோல்ட் வழியிலேயே தொலையும்?

வீட்டு ஒயரிங்கில் முதல் கேள்விதான் பெரும்பாலும் முக்கியம். 230 வோல்ட்டில் இரண்டு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் இரண்டு வோல்ட் குறைந்தால் ரேடியோவே படுத்துவிடும்.

மூன்று மீட்டர் கணக்கு

பவர் சப்ளைக்கும் ரேடியோவுக்கும் நடுவே 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போக 3 மீட்டர், திரும்ப 3 மீட்டர். மொத்தம் 6 மீட்டர் ஒயர். பலரும் கோட்டைவிடுவது இந்தத் திரும்பும் பாதையைத்தான்.

22 ஆம்ப் ஓடும்போது, தரமான செம்பு ஒயரில் வழியில் தொலையும் வோல்ட்டும், சூடாக வீணாகும் வாட்டும் இதோ:

• 1.5 சதுர மி.மீ. ஒயர் - 1.76 வோல்ட், 39 வாட்
• 2.5 சதுர மி.மீ. ஒயர் - 1.05 வோல்ட், 23 வாட்
• 4 சதுர மி.மீ. ஒயர் - 0.65 வோல்ட், 14 வாட்
• 6 சதுர மி.மீ. ஒயர் - 0.44 வோல்ட், 10 வாட்
• 10 சதுர மி.மீ. ஒயர் - 0.25 வோல்ட், 5.5 வாட்

வீட்டில் லைட், ஃபேனுக்கு ஓடும் 1.5 ஒயரை "வீட்டுக்கே இதுதானே" என்று எடுத்து ரேடியோவுக்குப் போட்டால், 39 வாட் சூடு ஒயருக்குள்ளேயே தங்கும். தாங்கும் அளவைத் தாண்டி ஆம்ப் ஓடுவதால் பிளாஸ்டிக் உறை இளகத் தொடங்கும். மேஜைக்குப் பின்னால் சுருட்டிக் கட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டால், செம்பு ஒயருக்கு மனக்கணக்காகவே ஒரு வழி இருக்கிறது.

தூரம் (மீட்டர்) × ஆம்ப் × 0.08 = தேவையான சதுர மி.மீ.

ஒருவழித் தூரத்தை மட்டும் போட்டால் போதும். திரும்பும் பாதை கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது. 3 × 22 × 0.08 என்றால் 5.28. கடையில் 5.28 கிடைக்காது, அடுத்த பெரிய அளவு 6. அதைத்தான் வாங்க வேண்டும். கீழே இறங்கி 4 வாங்கக் கூடாது.

தூரம் 6 மீட்டரானால்? 10.56 வரும். 10 போதாது, 16 சதுர மி.மீ. வாங்க வேண்டும். விலையும் ஏறும், வளைக்கவும் கஷ்டம். அதனால்தான் அனுபவமுள்ள ஹாம்கள் ஒயரைத் தடிமனாக்குவதைவிட பவர் சப்ளையை ரேடியோவின் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிடுவார்கள். நீளமான பாதையை 230 வோல்ட் பார்த்துக்கொள்ளும். 12 வோல்ட்டுக்குக் குட்டிப் பாதை போதும்.

இன்னொரு எச்சரிக்கை. தூரம் ஒரு மீட்டர்தான் என்றால் கணக்கில் 1.76 வரும், 2.5 போதும் என்று தோன்றும். ஆனால் 22 ஆம்ப் என்பது 2.5 ஒயருக்கு விளிம்பு. அதனால் முதல் கேள்விக்காக 4-க்குப் போவதே நல்லது. இரண்டு கேள்விகளுக்கும் பதில் கண்டுபிடித்து, எது பெரியதோ அதை எடுக்க வேண்டும்.

புயல் இரவில் என்ன ஆகும்?

கரன்ட் இருக்கும்போது பவர் சப்ளை 13.8 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒயர் கொஞ்சம் சாப்பிட்டாலும் ரேடியோ சமாளித்துவிடும். உண்மையான பரீட்சை பேட்டரியில்தான்.

இந்த வகை ரேடியோக்கள் பலவற்றில் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவிகிதம் வரை ஏறி இறங்கலாம் என்று போட்டிருப்பார்கள். அதாவது, கீழே சுமார் 11.7 வோல்ட் வரை தாங்கும். பேட்டரி 22 ஆம்ப் கொடுக்கும்போது அதன் முனையில் 12.3 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1.5 ஒயர் போட்டிருந்தால் 1.76 வழியில் போய், ரேடியோவுக்குக் கிடைப்பது 10.5 வோல்ட். பட்டனை அழுத்தியதும் குரல் உடையும், திரை அணைந்து அணைந்து எரியும், அல்லது ரேடியோவே நின்றுவிடும். விட்டால் மறுபடி உயிர் வரும். "பேட்டரி போச்சு" என்று நினைத்து நல்ல பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

6 ஒயர் போட்டிருந்தால் 0.44 போக, 11.86 வோல்ட் கிடைக்கும். ரேடியோ பேசும். அதே பேட்டரி, அதே ரேடியோ, அதே இரவு. மாறியது ஒயர் மட்டும்தான்.

ஃப்யூஸ் யாருக்குக் காவல்?

"ரேடியோவைக் காப்பாற்ற" என்று பதில் சொன்னால் பாதி மார்க்தான். ஃப்யூஸின் முதல் வேலை ஒயரைக் காப்பது.

பெரிய பேட்டரியின் இரண்டு முனைகளும் தவறுதலாக ஒயர் வழியே ஒட்டிக்கொண்டால், பல நூறு ஆம்ப் பாயும். பவர் சப்ளை போல அது தானாக நிறுத்திக்கொள்ளாது. சில நொடிகளில் ஒயர் பழுக்கும். எலி கடித்த இடம், மேஜைக்கால் நசுக்கிய இடம், காரில் இரும்புத் தகட்டில் உரசிய இடம் என்று இதற்கு வாய்ப்புகள் ஏராளம்.

அதனால் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் ரேடியோ பக்கம் அல்ல, பேட்டரி பக்கம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வந்துவிட வேண்டும். ரேடியோ பக்கத்தில் மட்டும் ஃப்யூஸ் வைத்தால், நடுவே உள்ள மூன்று மீட்டர் ஒயரும் காவல் இல்லாத வீடுதான்.

ஃப்யூஸின் ஆம்ப், ஒயர் தாங்கும் ஆம்ப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 6 சதுர மி.மீ. ஒயருக்கு 25 அல்லது 30 ஆம்ப் ஃப்யூஸ் சரி. அதே 30 ஆம்ப் ஃப்யூஸை 1.5 ஒயருக்குப் போட்டால், ஃப்யூஸ் பத்திரமாக இருக்கும், ஒயர் எரியும். வீட்டு எம்.சி.பி. ஏ.சி. மின்சாரத்துக்காகச் செய்தது. டி.சி. பக்கத்துக்கு அதற்கென உள்ள ஃப்யூஸ்தான் வேண்டும்.

இணைப்பில் ஒளிந்திருக்கும் சால்டரிங் அயர்ன்

நல்ல ஒயர் வாங்கி, முனையைக் கையால் முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் என்ன ஆகும்? ஒரு தளர்ந்த இணைப்பில் 0.05 ஓம் மின்தடை இருந்தால் போதும். சாதாரண மல்டிமீட்டரில் அது பூஜ்யம் போலத்தான் தெரியும். அதில் 22 ஆம்ப் பாய்ந்தால் உண்டாகும் சூடு 24 வாட்.

எலெக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது, மேஜைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், ஒரு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி வைத்துவிட்டு மறந்துபோவதற்குச் சமம்!

லக் போட்டு, சரியான கிரிம்பிங் டூலால் அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். புதிதாகப் பொருத்தியதும் ஐந்து நிமிடம் ரேடியோவில் பேசிவிட்டு, அணைத்துவிட்டு, 12 வோல்ட் பக்கத்து இணைப்புகளையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடு இருந்தால் அங்கேதான் கோளாறு.

பேச்சு விட்டுவிட்டு வருவதால் ஒயருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். எஃப்.டி.8 போன்ற டிஜிட்டல் முறைகளில் ஒவ்வொரு முறையும் 12 நொடிகளுக்கு மேல் முழு ஆம்ப்பும் தொடர்ந்து ஓடும். பேச்சுக்குத் தாங்கிய இணைப்பு அங்கே காலைவாரலாம்.

230 வோல்ட் பக்கம் சும்மா விடலாமா?

100 வாட் ரேடியோவின் பவர் சப்ளை, வீட்டின் சாதாரண பிளக்கிலேயே ஓடிவிடும். சுவரில் இரண்டு ஆம்ப்பை ஒட்டித்தான் எடுக்கும். 400 வாட் வெளியிடும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்தால் கணக்கு மாறும். பாதிச் செயல்திறன் என்று வைத்தாலும் 800 வாட் உள்ளே போக வேண்டும். 230 வோல்ட்டில் அது 3.5 ஆம்ப். அதே ஆம்ப்ளிஃபயர் 13.8 வோல்ட்டில் ஓடும் வகை என்றால் 58 ஆம்ப்!

ரேடியோ அறைக்கு போர்டிலிருந்து தனி சர்க்யூட் இழுத்துவிடுவது நல்லது. எம்.சி.பி.க்கும் ஒயருக்கும் பொருத்தம் பொதுவாக இப்படி இருக்கும்:

• 1.5 ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்ப்
• 2.5 ஒயருக்கு 16 ஆம்ப்
• 4 ஒயருக்கு 20 அல்லது 25 ஆம்ப்
• 6 ஒயருக்கு 32 ஆம்ப்

பைப்புக்குள் பல ஒயர்கள் நெருக்கமாக ஓடினாலோ, வெயில் கொதிக்கும் மொட்டை மாடி வழியாகப் போனாலோ, ஒயர் தாங்கும் அளவு குறையும். அப்போது ஒரு படி பெரிய ஒயர் போட வேண்டும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று, ஒயரை மாற்றாமல் 16-ஐ எடுத்துவிட்டு 32 போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குரைக்கிறதே என்று காவல் நாயை விரட்டிவிடுவது போன்றது அது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யும், சரியான எர்த்தும் வேண்டும். ஆர்.சி.சி.பி. ஒயர் சூடாவதைத் தடுக்காது, எம்.சி.பி. ஷாக்கைத் தடுக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு. இந்தப் பக்க வேலைகளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கடையில் ஏமாறாமல் இருக்க...

பழைய எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் "மூணு இருபது", "ஏழு இருபது" என்பார்கள். 20-ம் கேஜ் கம்பி மூன்று சேர்ந்தால் 3/20, ஏழு சேர்ந்தால் 7/20. இன்றைய கணக்கில் 3/20 சுமார் 2 சதுர மி.மீ., 7/20 சுமார் 4.6.

வெளிநாட்டு ரேடியோ கையேடுகளில் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவு இருக்கும். அது தலைகீழ்: எண் சிறியதானால் ஒயர் பெரிது. 14 என்றால் 2.1 சதுர மி.மீ., 12 என்றால் 3.3, 10 என்றால் 5.3, 8 என்றால் 8.4. "10-ம் நம்பர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து 10 சதுர மி.மீ. வாங்கினால் நஷ்டம் பணத்தோடு போகும். "4-ம் நம்பர்" என்று இருக்கும் இடத்தில் 4 சதுர மி.மீ. வாங்கினால் ஒயரே போய்விடும். அந்த 4 உண்மையில் 21 சதுர மி.மீ.!

விலை மலிவான ஒயர்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். அலுமினியத்துக்கு மின்தடை சுமார் 1.6 மடங்கு. அதனால் மேலே உள்ள கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியமாக இருக்கலாம். கையில் தூக்கினாலும் லேசாக இருக்கும். அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உறையிலேயே அச்சாகியிருக்கும் ஒயரைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்...

சில வீடுகளில் 12 வோல்ட் ஒயரின் முனையில், கையில் கிடைத்த மூன்று முள் பிளக்கைப் போட்டுவிடுவார்கள். வாங்க எளிது, உறுதியானது. ஆனால், யாராவது ஒருநாள் அதைக் கொண்டுபோய் 230 வோல்ட் பாயின்ட்டில் செருகுவார்கள். சுத்தம் செய்யும் பாட்டியோ, உதவ வரும் பேரனோ, யாராகவும் இருக்கலாம். 12 வோல்ட்டுக்கு வேறு வகை கனெக்டர்தான், ஒருபோதும் வீட்டு பிளக் கூடாது. பாசிட்டிவுக்குச் சிவப்பு, நெகட்டிவுக்குக் கறுப்பு, இரு முனையிலும் "12 வோல்ட் டி.சி." என்று ஒரு சீட்டு. வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ரேடியோ இல்லாத வீட்டுக்கும்தான்!

வாசலில் மாட்டிய சிசிடிவி கேமரா, பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் படம் விட்டுவிட்டு வருகிறதா? இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து ஆம்ப் கூடுகிறது. நீளமான மெல்லிய ஒயரில் வோல்ட் தொலைகிறது. 20 மீட்டர் தூரம், 1 ஆம்ப் என்றால், அதே மனக்கணக்கில் 1.6 சதுர மி.மீ. வேண்டும். வரவேற்பறையின் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, ஒரு முனையில் பளிச்சென்றும் மறுமுனையில் மங்கலாகவும் எரிவதற்கும், நீளமான மலிவு கேபிளில் செல்போன் மெதுவாக சார்ஜ் ஆவதற்கும் காரணம் இதே வோல்ட் இழப்புதான்.

இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வருபவர், பேட்டரியை நகர்த்தி வைத்துவிட்டு "ஒயர் எட்டல, ஒரு துண்டு ஜாயின்ட் போட்டுடுறேன்" என்று சொன்னால் அனுமதிக்காதீர்கள். "அதே தடிமன்ல முழு ஒயரா போடுங்க" என்று கேளுங்கள். "12 வோல்ட்டுதானே!" என்று அவர் சிரித்தால், "ஆம்ப் எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள்.